வாயில் வைத்ததும் தெரியும்

புகையிலைக் கடைக்காரர் பைப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனியில் வாய் வைக்காமல் ஊதினார். தூசி எதுவும் வரவில்லை.

"நல்லா வந்திருக்கு," என்றார். "யார் செஞ்சது?"

அவர் கண் முன்னால்தான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தேன்.

"நான்தான் சார்."

"அது தெரியும்மா. பைப்பைப் பார்த்தா தெரியலைன்னு சொல்றேன்."

சொல்லிவிட்டு அதைக் கீழே இருந்த மரப்பெட்டியில் போட்டார். அதில் இன்னும் பல பைப்புகள் கிடந்தன. யார் செய்தது என்று சொல்ல முடியாதவை எல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். வாங்குபவர்கள் குனிந்து, கையை விட்டுத் துழாவி எடுப்பார்கள்.

அவருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறைக்கும் கீழே, செய்தவர் பெயர் எழுதிய அட்டை. பைப்பில் முத்திரை குத்த அவர் விடமாட்டார். முத்திரை இருந்தால் யார் வேண்டுமானாலும் யாராகவும் ஆகிவிடலாம் என்பார். பைப்பே ஆளைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அலமாரியில் இடம்.

அதில் ஓர் அறை காலியாக இருந்தது. அதற்கு உரியவர் பைப் செய்வதை விட்டுவிட்டு மீன் வளர்க்கப் போய்விட்டார்.

அந்த அறை எனக்கு வேண்டும். நான் ஆசைப்பட்டுக் கேட்ட பொருட்கள் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று. என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "வேதியியல் படிச்சிருக்கா, இப்போ வீட்டுல மரம் அறுக்கிறா," என்பாள். கேட்டவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். பெயர் எழுதிய அட்டை ஒன்று ஊரில் எங்கேயாவது இருந்தால், நான் பேச வேண்டிய பாதியை அது பேசிவிடும் என்று நினைத்தேன்.

அலமாரிக்குள் போவதற்கு ஒரு சோதனை உண்டு. சனிக்கிழமைகளில் கடையின் பின்னறையில் வழக்கமாக வருபவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவரைக் கப்பல்காரர் என்று கூப்பிடுவார்கள். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலில் ஏறியதில்லை, தலை சுற்றுமாம். அவர் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு தட்டில் பல பேருடைய பைப்புகளை வைத்து நீட்டுவார்கள். எது யாருடையது என்று அவர் சொல்ல வேண்டும். புதிதாக வருபவரின் வேலையையும் அவர் கண்டுபிடித்துவிட்டால் அட்டை எழுதப்படும்.

"மாசக் கடைசியில வாங்க," என்றார் கடைக்காரர். "ஒரு பாணியோட வாங்க."

பாணியை எங்கே போய் வாங்குவது என்று அவர் சொல்லவில்லை.

ஒரு பைப்பில் மூன்று பகுதிகள். புகையிலையை நிரப்பும் கிண்ணம். அதோடு ஒட்டி, ஒரே கட்டையில் வரும் கழுத்து. கழுத்தில் செருகும் கறுப்பு வாய்க்குழல். கிண்ணமும் கழுத்தும் பிரையர் என்கிற புதர்ச்செடியின் வேர்க்கட்டையில் செய்வது. அந்த வேர் எளிதில் தீப்பிடிக்காது. முதலில் டிரில்லில் துளைகளைப் போட்டுவிட்டு, பிறகு துளைகளைச் சுற்றி வடிவத்தைச் செதுக்க வேண்டும். இதுவரை என் வேலை.

வாய்க்குழலை நான் தொடமாட்டேன். அது எபோனைட், கெட்டி ரப்பர். அரத்தால் தேய்த்தால் கந்தக வாடை வரும். கல்லூரியோடு அந்த வாடை முடிந்தது என்று இருந்தேன். அதனால் வாய்க்குழலை அக்காவிடம் தள்ளிவிட்டேன். அக்கா பல் செட் செய்யும் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். நாள் முழுவதும் யார் யாருக்கோ பல் தேய்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, டிவி பார்த்துக்கொண்டே என் வாய்க்குழலையும் தேய்த்துவிடுவாள். கண் சீரியலில் இருக்கும். பதிலுக்கு அவள் முறைப் பாத்திரங்களை நான் கழுவ வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் லாபம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன்.

பாணியைக் கண்டுபிடிக்கும் வேலையை முறைப்படி தொடங்கினேன். ஒரு பைப்புக்கு ஒரு மாற்றம் மட்டும். மற்றதெல்லாம் அப்படியே.

முதலில் கிண்ணத்தை அறுகோணமாகச் செய்தேன். அம்மா எடுத்துப் பார்த்தாள்.

"குழாய் ரிப்பேர்காரர் விட்டுட்டுப் போனதா?"

"பைப்பும்மா."

"பைப்தான் நானும் சொல்றேன்."

அடுத்து வழவழப்பை விட்டுவிட்டு, கிண்ணம் முழுக்க நுண்ணுளியால் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கினேன். இரண்டு வாரம் ஆனது. அம்மா அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொல்லையில் வைத்துவிட்டாள். கரையான் மற்ற மரங்களுக்கும் பரவிவிடும் என்று பயந்தாளாம்.

பிறகு உயரமாக ஒன்று. மேசையில் வைத்தால் சாய்ந்து விழுந்தது. அக்கா அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள்.

"இதைப் பிடிக்கிறவருக்கு ஒரு உதவியாளர் வேணும்டி."

"உனக்கு வாய்க்குழல் வேலை மட்டும்தான். கருத்து கேக்கலை."

"கருத்து இலவசம். பாத்திரத்தைக் கழுவு."

கடைசியில் ஒன்று அமைந்தது. கிண்ணத்தை முன்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தேன். இடப்பக்கம், கட்டைவிரல் படும் இடத்தை மட்டும் தட்டையாகச் சீவினேன். கிண்ணத்தின் வாய் விளிம்பில் வேர்க்கட்டையின் கரடுமுரடான மேல்தோலைச் சீவாமல் விட்டேன். சாய்வு, தட்டை, தோல். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் தெரியும். நானே மூடித் தொட்டுப் பார்த்தேன். தெரிந்தது. நான் செய்தது எனக்குத் தெரிவதில் ஆச்சரியமில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

மாசக் கடைசி சனிக்கிழமை கடைக்குப் போனேன். பின்னறையில் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்படியும் அறை மங்கலாக இருந்தது. கப்பல்காரர் பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரர் தட்டை நீட்டினார். பக்கத்தில் ஸ்பிரிட் புட்டியும் பஞ்சும் இருந்தன. அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

கப்பல்காரர் முதல் பைப்பை எடுத்தார். பஞ்சால் நுனியைத் துடைத்தார். வாயில் வைத்தார்.

நான் செய்த தவறு எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. பைப் பிடிப்பவர்கள் பைப்பைக் கையால் பிடிப்பதில்லை. பல்லால் பிடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் புகைக்கும் பழக்கம் இல்லை. அதனால் இது என் கவனத்துக்கு வராமலே போயிருந்தது.

அவர் ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. என்னுடையது வந்தது. துடைத்தார், வைத்தார், உடனே எடுத்தார்.

"இது அந்தப் பொண்ணு. பேசாம வந்து பேசாம போகுமே, அது."

பின்னறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது கொஞ்ச நேரம்தான்.

"எதை வெச்சு சொன்னீங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

கப்பல்காரர் கண்ணைத் திறந்தார். "எனக்கு மேல் வரிசை கட்டின பல்லு. மத்த பைப்பெல்லாம் வாயில நழுவும். நான் பேசினா அது ஆடும், அது ஆடினா பல்லு ஆடும். இந்தப் பொண்ணோடது மட்டும் வந்து உக்காந்துடும். இது கொடுத்துட்டுப் போறதைப் பார்த்துட்டு, உங்க பெட்டியில துழாவித் துழாவி இதையேதான் எடுக்கிறேன்."

"கிண்ணம்?"

"கிண்ணத்துல என்ன?"

அவர் கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை. சாய்வு, தட்டை, தோல் மூன்றும் அவர் கைக்குக் கீழே சும்மா இருந்தன.

கடைக்காரர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். "பேரு சொல்லும்மா."

"வாய்க்குழல் எங்க அக்கா செஞ்சது சார்," என்றேன்.

பேனா நின்றது.

"அப்ப நீ என்ன செஞ்சே?"

"மத்ததெல்லாம்."

அவர் யோசித்தார். எல்லா பைப்பிலிருந்தும் வாய்க்குழலைக் கழற்றினார். கப்பல்காரரை மறுபடி கண்ணை மூடச் சொல்லி, வெறும் கிண்ணங்களைக் கையில் கொடுத்தார். இப்போது அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். இரண்டு தப்பு. என்னுடையதை நெடுநேரம் உருட்டினார். தட்டையான இடத்தில் கட்டைவிரல் சரியாகப் போய் உட்கார்ந்தது. 

"இது யாரோ ரொம்ப யோசிச்சு செஞ்சிருக்காங்க," என்றார்.

"யாரு?"

"யோசிச்சது தெரியுது. ஆள் தெரியலை."

கடைக்காரர் பேனாவை மூடினார். "அறை காலியாவே இருக்கட்டும்," என்றார். பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "உங்க அக்கா வெளி வேலை எடுப்பாங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"பைப் பிடிக்கிற வயசுல பாதிப் பேருக்குச் சொந்தப் பல்லு கிடையாதுடி. கட்டின பல்லுக்கு விளிம்பை வேற மாதிரி விடணும். நான் என்ன செய்யறேன்னு நினைச்சே?"

"டிவி பாக்கறேன்னு நினைச்சேன்."

"அதுவும்தான்."

"அறைக்கு உன் பேரைக் கொடுத்துடட்டுமா?"

"எனக்கு எதுக்கு? லேப்ல அத்தனை பல்லு செய்யறேன். ஒரு பல்லுலயாவது என் பேரு இருக்கா? போட்டுக்கிட்டவங்க அவங்க பல்லுன்னுதான் சொல்லிக்கிறாங்க. உன் பேரையே போட்டுக்கோ."

"பொய் ஆயிடும்."

"அப்ப போடாதே." டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

வெளி வேலையை மட்டும் அவள் ஒப்புக்கொண்டாள். கடைக்காரர் அலமாரியில் இருந்த பைப்புகளை ஒவ்வொன்றாக அனுப்ப ஆரம்பித்தார். பழைய வாய்க்குழலை எடுத்துவிட்டுப் புதிதாக அக்காவின் வாய்க்குழல். செய்தவர்களிடம் கேட்டாரா என்று கேட்டேன். வாங்கறவங்க வந்தா அவங்களுக்குச் சந்தோஷம்தானே என்றார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அலமாரிக்காரர்களின் கிண்ணங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எல்லாம் அழகாக இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆளைச் சொன்னது. நான் அவற்றுக்கு நடுவே தட்டு வைத்துச் சாப்பிட்டேன்.

சாய்வு, தட்டை, தோலை விட்டுவிட்டேன். நேரான கிண்ணம், நேரான கழுத்து, வழவழப்பு. பாணி எதுவும் இல்லாமல் செய்தேன். அது சீக்கிரம் முடிந்தது. முடிந்ததை அக்காவுக்கென்று வந்த குவியலோடு சேர்த்து வைத்துவிடுவேன். அவளும் கேட்காமல் தேய்த்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா குவியலிலிருந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். கண் டிவியில். குழலைச் செருகினாள்.

"உன்னோடதை ஏன் இதுல கலந்து வைக்கிறே?" என்றாள்.

"பாக்காமலே எப்படித் தெரியும்?"

"ஓட்டை."

"என்ன ஓட்டை?"

"கழுத்து ஓட்டை. மத்தவங்க ஓட்டைங்களை நான் போய் சமாதானம் பண்ணணும். ஒண்ணு கோணல், ஒண்ணு உள்ளே மேடு. உன்னோடதுல குழல் தானா போய் நிக்குது. உனக்கு அப்படி ஒரு பிடிவாதம்."

"எப்பவுமே அப்படியா?"

"முதல்ல செஞ்சியே, நட்டு மாதிரி, அதுலயே அப்படித்தான்."

நான் என் டிரில் அருகே போய் உட்கார்ந்தேன். துளையை நான் எப்படிப் போடுகிறேன் என்று யோசித்ததே இல்லை. ஒரே மூச்சில் போடமாட்டேன். கொஞ்சம் இறக்குவேன், எடுப்பேன், தூளைத் துடைப்பேன், முனை ஆறும்வரை நிற்பேன், மறுபடி இறக்குவேன். கழுத்தின் முகத்தையும் கட்டையைக் கழற்றாமல் அதே பிடியிலேயே சமன் செய்துவிடுவேன். இது கல்லூரி ஆய்வகத்தில் வந்த பழக்கம். அங்கே கார்க்கில் துளை போட்டு அதில் கண்ணாடிக் குழாயைச் செருக வேண்டும். வாயு கசியக் கூடாது. என் வகுப்பில் மற்றவர்கள் கார்க்கைச் சுற்றி மெழுகு பூசுவார்கள். என்னுடையதற்குத் தேவைப்படாது. ஆய்வகத்தில் நான் பேசாமலே பாராட்டு வாங்கிய ஒரே விஷயம் அது. ஆனால் அதைப் பாணி என்று யார் சொல்வார்கள்? துளை என்பது மரம் இல்லாத இடம். இல்லாத ஒன்றைச் செதுக்கிப் பெயர் வாங்க முடியாது என்றுதான் நானும் நினைத்திருப்பேன், நினைத்துப் பார்த்திருந்தால்.

அந்த வாரம் கடைக்காரர் போன் செய்தார். குரல் சரியில்லை.

"உங்க அக்கா என் அலமாரியையே முழுங்கிட்டாங்கம்மா."

சனிக்கிழமை வழக்கம்போல விளையாட்டாகத் தட்டை நீட்டியிருக்கிறார்கள். கப்பல்காரர் கண்ணை மூடி முதல் பைப்பை வாயில் வைத்தார். அந்தப் பொண்ணோட அக்கா என்றார். இரண்டாவதையும் அப்படியே சொன்னார். மூன்றாவதும். கடைசிவரை அக்காதான். அவர் தட்டில் இருந்ததெல்லாம் ஒருத்தி செய்ததென்று சொல்லிவிட்டு, இவ்வளவு சுலபமாக வைத்தால் எப்படி என்று வருத்தப்பட்டிருக்கிறார். அலமாரியில் இடம் பெற்றவர்களில் ஒருவர் அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். எழுந்து போய்விட்டார்.

"பழைய குழலையெல்லாம் திருப்பி மாட்டிடலாமே சார்."

"மாட்டினா கப்பல்காரர் வரமாட்டேங்கிறார். பல்லு பழகிடுச்சாம்."

இந்த இடத்தில் நான் வழக்கமாகச் சரி சார் என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். வைக்கவில்லை.

"சனிக்கிழமை நான் வரட்டுமா? வேற மாதிரி ஒரு சோதனை பண்ணலாம்."

அவர் அலமாரியைப் பற்றியே மறுபடி ஆரம்பித்தார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அலமாரிப் பைப்புகள் எல்லாவற்றிலும் இப்போது வாய்க்குழல் ஒரே கை. மாறுவது கழுத்தும் அதன் துளையும் மட்டும். கல்லூரியில் இதைத்தான் நல்ல சோதனை என்பார்கள். வேறொரு நாளில் இதற்காக எவ்வளவு முயன்றாலும் இப்படி அமைந்திருக்காது. ஆனால் இதையெல்லாம் கடையில் நான் சொல்லவில்லை. "வாயில வைக்காம, குழலை உருவி மாட்டிப் பாருங்க சார்," என்று மட்டும் சொன்னேன். சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாயில வைக்காமலா?" என்றார் கப்பல்காரர். அவருக்கு அது சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு எழுந்திருக்கச் சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

"இன்னைக்கு ஒரு நாள்," என்றார் கடைக்காரர்.

கப்பல்காரர் கண்ணை மூடினார். முதல் பைப்பை எடுத்து, திருகி உருவினார், மாட்டினார். உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதும் அப்படித்தான். நான் கொண்டுபோயிருந்த பைப் நடுவில் இருந்தது. பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்காத மாதிரியான, நேரான, சாதாரணப் பைப். அதை உருவினார். 'டொப்' என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தது. மெதுவாக மாட்டினார். காற்று வெளியே போகும் சத்தம் கேட்டது. மறுபடி உருவினார்.

"சார், ஒரு தடவை போதும்," என்றார் கடைக்காரர்.

"இது எங்க வீட்டுல இருக்கு."

"என்ன இருக்கு?"

"இந்தச் சத்தம். தினமும் சாயங்காலம் சுத்தம் பண்ணும்போது சிலது மட்டும் இப்படிச் சத்தம் போடும். உங்க பெட்டியில எடுத்தேனே, அதுங்கதான். என் வீட்டுக்காரி பக்கத்து ரூம்ல இருந்து, என்ன உடைச்சீங்கன்னு கேப்பா."

"யாருதுன்னு சொல்லுங்க."

கப்பல்காரர் கண்ணைத் திறக்காமலே என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். "இந்தப் பொண்ணோடது. அக்கா இல்லை. இது."

இந்த முறை யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் பைப்பை வாங்கி உருவிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கடைக்காரரும் ஒரு முறை உருவினார். மாட்டினார். பின்பு பைப்பைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வெளியில ஒண்ணுமே இல்லையேம்மா. அலமாரியில வெச்சா யாருக்குத் தெரியும்?"

"உருவிப் பார்த்தா தெரியும் சார்."

"கண்ணாடிக்குள்ள இருக்கிறதை எப்படி உருவிப் பாப்பாங்க?"

"நீங்க எடுத்துக் கொடுக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு நேரம் நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை. மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். சட்டையில் பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை. யாரோ ஒன்றைக் கொடுத்தார்கள்.

"வாய்க்குழல்னு கீழே அக்கா பேரையும் சின்னதா போடணுமா?"

"வேணாம்னு சொல்லிட்டா. கேட்டுட்டேன்."

"சரி, பேரு சொல்லு."

சொன்னேன். ஜன்னல் பக்கம் சத்தமாக இருந்தது.

"என்ன?"

இன்னொரு தடவை சொன்னேன். பின்னறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் எழுதினார், ஊதிக் காயவைத்தார், கடையின் முன்பக்கம் போய்க் காலி அறைக்குக் கீழே அட்டையைச் செருகினார். திரும்பி வந்து பைப்புக்காகக் கையை நீட்டினார்.

பைப் கப்பல்காரரிடம் இருந்தது. காதருகில் வைத்து உருவிக்கொண்டிருந்தார். கடைக்காரர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் கொடுத்தார்.